மலைப் பள்ளியில் பசுமைப் படை: பிள்ளைகள் கையில் எதைக் கொடுப்பது?

கோத்தகிரி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருக்கும் அறிவியல் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப் படையின் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஜூன் 5 அன்று கன்று நடுகிறோம், ஊர்வலம் போகிறோம், போட்டோ எடுத்து அனுப்புகிறோம். அதோடு சரி. பிள்ளைகளே முன்னின்று வருடம் முழுக்கச் செய்கிற மாதிரி என்ன இருக்கிறது? கையில் பணம் இல்லை. படிப்பு கெடுகிறது என்று பெற்றோரும் சொல்கிறார்கள்."

டீச்சர், நானும் முதல் ஆறு வருடம் இதையேதான் செய்தேன். உதகை பக்கத்தில் ஒரு பள்ளி. பின்னால் புல் மூடிய சரிவு, மரமே இல்லாமல் கிடந்தது. மரமில்லாத இடம் என்றால் வெற்றிடம் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. கிடைத்த சில்வர் ஓக் கன்றுகளை எல்லாம் பிள்ளைகளை வைத்து அந்தச் சரிவில் நட்டேன். டிசம்பர் கடைசியில் உறைபனி விழுந்தது. ஜனவரி பாதிக்குள் இலையெல்லாம் கருகி, குச்சிகள் மட்டும் நின்றன. பிள்ளைகள் அழாத குறை. மறுவருடம் சருகு போர்த்தி, குச்சி ஊன்றி மறுபடி நட்டோம். மறுபடி அதே கதை.

அந்தச் சரிவு என்னிடம் என்ன சொன்னது என்பது பிற்பாடுதான் புரிந்தது. நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பகுதியில் இயற்கை அமைப்பே சோலை என்கிற அடர்ந்த மலைக்காடும் புல்வெளியும் சேர்ந்ததுதான். மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் சோலை, வெளிச்சரிவுகளில் புல். உறைபனி புல்வெளியில் மரக்கன்றைத் தலையெடுக்க விடாது என்பதும் அந்தப் புல்வெளி புல்வெளியாகவே நிற்பதற்கு ஒரு காரணம். மழைநீரை வேரில் பிடித்துக் கீழே உள்ள சதுப்புக்கும் ஓடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தப் புல். வரையாடு மேய்வதும் அங்கேதான். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) கொண்டுவந்து நட்டதும், பிற்பாடு தோல் பதனிடவும் விறகுக்கும் மரக்கூழுக்கும் என்று மேலும் மேலும் நட்டதும் புல்வெளியைத் தின்றன. நானும் என் பங்குக்குச் சின்ன அளவில் அதையேதான் செய்யப் பார்த்தேன். பனி தடுத்துவிட்டது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நடவில் பிள்ளைகள் குழி தோண்டினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். எங்கே நடுவது, எதை நடுவது, நடலாமா கூடாதா என்பதை நான் தீர்மானித்தேன். அவர்களை ஒரு வருடம் அந்தச் சரிவைப் பார்த்து எழுத விட்டிருந்தால் என்னைவிட முன்னால் கண்டுபிடித்திருப்பார்கள். அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் சுருக்கமாக இதுதான்: பிள்ளைகள் முதலில் அளக்கட்டும். அளந்ததை வைத்து அவர்களே ஒன்றைத் தீர்மானிக்கட்டும். அந்தத் தீர்மானம் பள்ளியில் எதையாவது உண்மையிலேயே மாற்றட்டும். இந்த மூன்றும் இருந்தால் அது மாணவர் நடத்துவது. இல்லையென்றால் நாம் நடத்துவதில் அவர்கள் கூலியில்லாத வேலையாட்கள்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? குப்பையிலிருந்து. அது தினமும் வருகிறது, எல்லோருக்கும் தெரிகிறது, பணம் வேண்டாம்.

கோத்தகிரி பக்கம் மாறி வந்தபின் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "நம்ம குப்பை எங்க சார் போகுது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மைதானத்து மூலையில் எரிகிறது என்பது மட்டும் தெரியும். பாதி எரிந்த மிட்டாய்க் காகிதம் காற்றில் பறந்து கீழே தேயிலைத் தோட்டத்தில் கிடக்கும். காட்டெருமைகள் வந்து மேயும் இடம் அது. அவள் கேட்ட கேள்வியையே வேலையாக்கினோம். மீன்காரர் வைத்திருப்பது மாதிரி ஒரு தொங்கு தராசு, நான்கு சாக்கு, ஒரு நீள நோட்டு. வாரத்தில் ஒருநாள் மதியம் பள்ளிக் குப்பை முழுவதையும் கொட்டி, கையுறை போட்டுப் பிரித்து, எடை போட்டு எழுதுவது. தட்டில் மிஞ்சிய சோறு, காகிதம், பால் கவர் மாதிரி விற்கக்கூடிய பிளாஸ்டிக், விற்க முடியாத பளபள பாக்கெட், மற்றது. அவ்வளவுதான்.

ஒரு மாதம் எழுதியபின் நோட்டைப் பார்த்தார்கள். மிட்டாய்க் காகிதம் சில நாட்களில் மட்டும் குவிந்திருந்தது. ஏன் என்று தேடியதில் பிறந்தநாள்! பிறந்தநாள் பிள்ளை வகுப்பு முழுக்க, ஆசிரியர் அறை முழுக்க மிட்டாய் கொடுக்கும் வழக்கம். இதை நான் தடை செய்திருந்தால் பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷம் போயிருக்கும், என் மேல் கோபம் வந்திருக்கும். அவர்களே உட்கார்ந்து பேசி, உறையில்லாத கடலை மிட்டாயை டப்பாவில் கொண்டுவரலாம், சீசனில் பிளம்ஸ், பேரிக்காய் கொண்டுவரலாம் என்று முடிவு செய்தார்கள். தோட்டத்து ஓரத்தில் பறித்த தவிட்டுப் பழத்தை ஒரு பையன் பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று எல்லோர் வாயும் நீலம்.

பளபள பாக்கெட் விஷயத்தில் அவர்கள் கற்றது வேறு. பழைய பேப்பர் கடைக்காரரிடமே போய்க் கேட்டார்கள். பால் கவரை எடுத்துக்கொள்வார், அட்டையை எடுத்துக்கொள்வார்; சிப்ஸ் பாக்கெட்டை எடுக்க மாட்டார். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியது, பிரிக்க முடியாது, அதனால் விலையில்லை. அப்படியென்றால் அதைச் சேகரிப்பதில் பெருமை இல்லை, வாங்காமல் இருப்பதுதான் வழி என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே சொன்னார்கள். இதைப் பாடத்தில் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன். கடைக்காரர் வாயால் கேட்டபோதுதான் அவர்களுக்கு ஏறியது.

உங்கள் மாவட்டத்துக்கு இதில் ஒரு முன்கதை உண்டு, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2000களின் தொடக்கத்தில், சுப்ரியா சாகு கலெக்டராக இருந்த காலத்தில், ஒருமுறை தூக்கியெறியும் பிளாஸ்டிக்கை நீலகிரி தடை செய்தது. தமிழ்நாடு முழுக்க அந்தத் தடை 2019 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பரில். அதாவது மாநிலத்துக்கு முன்னாலேயே இந்த மலை அதைச் செய்து பார்த்தது. ஆனாலும் மே மாத சீசன் முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும்போது சாலையோரத்தைப் பாருங்கள். சட்டம் இருப்பதும் நடப்பதும் வேறு என்பதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் எண்ணி எழுதினால், பேரூராட்சிக்கோ ஊராட்சிக்கோ எழுதும் கடிதத்துக்கு எடை கூடும். "எங்கள் பள்ளியிலிருந்து பஸ் ஸ்டாப் வரை இத்தனை பாட்டில்" என்று எண்ணிக்கை போட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது. அதற்கு முன் நான் பொதுவாக எழுதிய இரண்டு கடிதங்களுக்கு வரவில்லை.

அடுத்தது சோறும் மட்கும் குப்பையும். இதில்தான் சமவெளியில் எழுதப்பட்ட கையேடு மலையில் உதவாது. கையேட்டில் சொன்னபடி திறந்த குழி வெட்டி, மிஞ்சிய சோறு, முட்டை ஓடு, காய்கறித் தோல் எல்லாம் போட்டோம். ஒரு வாரத்தில் கரடி வந்துவிட்டது. சத்துணவுக் கூடத்துப் பருப்புக்கும் எண்ணெய்க்கும் கரடி கதவை உடைப்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி; அந்தக் கரடிக்கு நானே இலை போட்டு அழைத்திருக்கிறேன். காட்டுப்பன்றியும் பின்னாலேயே வந்தது. அன்றே குழியை மூடினோம். பிள்ளைகளின் உயிரோடு விளையாடும் காரியம் அது, இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

பிற்பாடு பிடிபட்ட முறை இது. சமைத்த எதுவும் மட்க வைக்கும் இடத்துக்குப் போகக் கூடாது. அது அன்றைக்கே மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு வாளியில் போய்விட வேண்டும். பச்சைக் காய்கறித் தோல், புல், சருகு மட்டும் மூடியுள்ள டிரம்மில், பக்கவாட்டில் துளை போட்டு. தோல் ஒரு பங்கென்றால் சருகு இரண்டு மூன்று பங்கு. கற்பூர இலையை அதிகம் போடாதீர்கள், அதிலுள்ள எண்ணெயால் மட்க நாளாகும். குளிரில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும்; சமவெளியில் இரண்டு மூன்று மாதத்தில் ஆவதற்கு இங்கே அதைவிட நிறைய நாள் பிடிக்கும். பிள்ளைகள் பொறுமை இழப்பார்கள். ஒரு குச்சியில் தெர்மாமீட்டரைக் கட்டி டிரம்முக்குள் விட்டு வெளியே உள்ள குளிரோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். வெளியே பல் கிட்டும் குளிர், உள்ளே கதகதப்பு என்று பார்த்தால் பொறுமை வந்துவிடும். இதற்கு பாதரச தெர்மாமீட்டர் வேண்டாம், சிவப்புச் சாராயம் நிரப்பியது போதும்.

பாதரசம் என்றதும் ஒன்று. குப்பையில் எதைத் தொடக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். உடைந்த டியூப் லைட், ஊசி, மருந்துப் பாட்டில், பழைய பேட்டரி. 2001இல் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் பழைய பொருள் கடை ஒன்றில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி குவிந்து கிடந்தது வெளியே வந்துதான் அங்கிருந்த தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டது. பழைய பொருள் கடையில் என்ன கிடக்கிறது என்று ஊர்க்காரர்கள் கவனித்துப் பார்த்ததால் தெரியவந்தது. சுற்றுச்சூழல் என்றால் மிட்டாய்க் காகிதம் மட்டும் இல்லை என்று பெரிய பிள்ளைகளுக்குப் புரிய இந்தச் சம்பவம் நல்லது.

தட்டில் மிஞ்சும் சோறு குறைந்ததும் நோட்டால்தான். ஆறாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஒரே அளவு கரண்டி விழுகிறது என்று பரிமாறும் வரிசையில் நின்று பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். சத்துணவு அக்காவிடம் போய், முதலில் அரைக் கரண்டி, வேண்டுமென்றால் மறுபடி வருகிறோம் என்று கேட்டுக்கொண்டார்கள். அக்காவும் சம்மதித்தார். அவரைக் குறை சொல்கிற மாதிரி ஆகாமல் பிள்ளைகள் பேசியது எனக்குப் பெரிய விஷயம்.

நாப்கின் பற்றிப் பசுமைப் படைக் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும். அரசுப் பள்ளிகளில் 2011 முதல் இலவசமாகக் கொடுக்கிறார்கள், ஆனால் பயன்படுத்தியபின் எங்கே போடுவது என்பது பல இடங்களில் பிள்ளைகளின் தலைவலி. எங்கள் பள்ளியில் நான் ஒதுங்கிக்கொண்டு ஒரு டீச்சரிடமும் மூன்று பெரிய பெண்களிடமும் விட்டேன். காகிதத்தில் சுற்றி, சிவப்புக் குறியிட்ட மூடித் தொட்டியில் தனியாகச் சேர்த்து, தூய்மைப் பணியாளர் கையால் பிரிக்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் ஆசிரியை என்பதால் இது உங்களிடம் இன்னும் எளிதாக நடக்கும்.

இப்போது தண்ணீர். மலைப் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை என்று நினைக்கிறேன்.

வாயிலிருந்து அடிவரை ஒரே அகலமும் தட்டையான அடியும் உள்ள கண்ணாடி பாட்டில், பக்கத்தில் ஒட்டிய ஸ்கேல். மழைமானி தயார். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, வெட்டவெளியில் வைக்க வேண்டும். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு அளவெடுக்கும். நீங்களும் அந்த நேரத்துக்கே எடுத்தால் ஒப்பிடலாம். பள்ளிக்குப் பக்கத்து ஹட்டியில் (மலைக் கிராமத்தில்) இருக்கும் இரண்டு பிள்ளைகளை விடுமுறை நாளுக்குப் பொறுப்பாக்குங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் விழுந்தால் ஒரு லிட்டர். இந்த ஒரு கணக்கு போதும், ஏழாம் வகுப்பே மேலே போய்விடும். பள்ளிக் கூரை 150 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,500 லிட்டர். சிந்தியதும் முதல் அழுக்குத் தண்ணீரும் போக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 1,200 லிட்டர். பிப்ரவரியில் கழிவறைக்குக் குடம் சுமக்கும் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், மழைநீர்த் தொட்டி வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவிடம் அவர்களே கேட்பார்கள். எங்கள் பிள்ளைகள் கேட்டார்கள். கிடைக்க இரண்டு வருடம் ஆனது, ஆனால் கிடைத்தது.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் ஆளை அசைக்கும். கூடலூர், குந்தா பக்கம் தென்மேற்கு. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மழையின் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். சென்னைக்கு வருடம் முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் ஒரு நாளில்! அதனால் அக்டோபருக்கு முன்னால் பிள்ளைகள் பள்ளியைச் சுற்றி ஒரு நடை போய்ப் பார்த்து எழுதட்டும்: எந்த வாய்க்கால் அடைத்திருக்கிறது, எந்த மதில் வீங்கியிருக்கிறது, சரிவில் புதிதாக விரிசல் உண்டா, மின்கம்பமோ மரமோ சாய்ந்திருக்கிறதா. சுத்தம் செய்வதும் சரி செய்வதும் பெரியவர்கள் வேலை. கண்டு சொல்வது பிள்ளைகள் வேலை. இந்த எல்லையை மீறாதீர்கள்.

அப்புறம் ஊற்று. ஒவ்வொரு ஹட்டிக்கும் ஓர் ஊற்று உண்டு, அதற்கொரு கதையும் உண்டு. பத்து லிட்டர் வாளியும் ஒரு கடிகாரமும் போதும். வாளி நிறைய 40 விநாடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர், ஒரு நாளைக்கு 21,600 லிட்டர். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே வாளியில். இரண்டு வருடம் ஆனதும் எந்த மாதம் மெலிகிறது, எந்த மழைக்குப்பின் எத்தனை நாளில் பெருகுகிறது என்று கோடு போட்டுக் காட்டுவார்கள். பாட்டிகளிடம் போய் அந்தக் காலத்தில் எப்படி ஓடியது, மேலே என்ன இருந்தது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். மேலே சதுப்பு இருந்தது, இப்போது கேரட் தோட்டம் என்று ஒரு பாட்டி சொன்னதும் வகுப்பே அமைதியாகிவிட்டது.

இதைக் கொண்டுபோய்க் காட்டவும் இடம் இருக்கிறது. ஊராட்சிப் பகுதியாக இருந்தால் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் ஊற்றுக் கணக்குக்கு அதுவே பொருத்தமான நாள். பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை, பெற்றோருக்கு உண்டு. அம்மாவோ அப்பாவோ எழுந்து நின்று மனு கொடுக்க, பிள்ளைகள் வரைபடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். உங்கள் ஊரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான், ஆனால் கீழே பல ஊர்களுக்குத் தண்ணீர் அதிலிருந்து. ஊர்க்காரர்கள் குழுவாகச் சேர்ந்து பல வருடம் அதைக் காவல் காத்தார்கள். 2024 ஜனவரியில் அது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பிள்ளைகளை அங்கே வனத்துறை அனுமதியோடு ஒருமுறை அழைத்துப் போங்கள். சோலைக்குள் கால் வைத்ததும் மண் மெத்தென்று அமுங்கும். ஊற்று எங்கிருந்து வருகிறது என்று அதற்கப்புறம் விளக்க வேண்டியதே இல்லை.

செடி, மரம் விஷயத்துக்கு மறுபடி வருகிறேன். உண்ணிச்செடியும் (லாண்டானா) முளைத்துவரும் சீகையும் பள்ளி நிலத்தில் இருந்தால் பிள்ளைகள் பிடுங்கலாம். சீகை விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். அதனால் ஒருமுறை பிடுங்கினால் முடியாது. மழைக்குப்பின் மண் இளகியிருக்கும்போது சாண் உயரக் கன்றை வேரோடு இழுத்தால் வந்துவிடும். உண்ணிச்செடியை மேலே வெட்டினால் இன்னும் அடர்ந்து தழைக்கும். வேர்க்கட்டையோடு எடுக்க வேண்டும், அதுவும் காய் பழுக்குமுன், இல்லையென்றால் குருவிகள் விதையைக் கொண்டுபோய்விடும். பள்ளி வேலிக்கு வெளியே காட்டில் எதையும் தொடக் கூடாது. மரமாக வளர்ந்ததை, அது சீகையாகவே இருந்தாலும், பள்ளி நிலமாகவே இருந்தாலும், அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது.

நட ஆசைப்பட்டால் ஓடைக்கரையில், சோலை விளிம்பில், நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் சோலை மரம் நடுங்கள்: நாவல் இனங்கள், காட்டுச் செண்பகம். பழனி மலையில் பழைய சீகைக் காட்டின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தானாக முளைத்து வருகின்றன. நிழல் அவற்றுக்கு அவ்வளவு தேவை. பால் கவரில் சின்ன நாற்றங்கால் போடலாம். எந்த மரம் எப்போது பழுக்கும் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். ஓர் இருளர் பையன், வகுப்பில் வாயே திறக்காதவன், தாத்தாவோடு தேனெடுக்கப் போகிறவன். எந்த மாதம் எது பூக்கும் என்று அவன் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். எங்கள் நாற்றங்கால் நாட்காட்டி அவனுடையது. அவன் பெயரைத்தான் முதல் பக்கத்தில் எழுதினோம். உங்கள் வகுப்பிலும் இருளர், குறும்பர், தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த அறிவு இருக்கும். தேடிப் பிடியுங்கள்.

படிப்பு கெடும் என்ற பயத்துக்கு வருகிறேன். பெற்றோர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பத்தாம் வகுப்பை இதில் வைக்காதீர்கள். பொறுப்பு ஒன்பதாம் வகுப்பிடம் இருக்கட்டும், எட்டாம் வகுப்பு கூட நின்று கற்கட்டும், பத்தாம் வகுப்பு கேட்டால் மட்டும் யோசனை சொல்லட்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் தேயிலை ஓரத்தில் வேலை வைக்கவே வைக்காதீர்கள்; காட்டெருமையும் கரடியும் வரும் இடம் அது. தலைமையாசிரியர் தயங்கினால், சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லியிருப்பதை நினைவுபடுத்தலாம். எடை, சராசரி, வரைபடம், கடிதம் எழுதுவது எல்லாம் கணக்கும் அறிவியலும் தமிழும்தான் என்று நோட்டைக் காட்டினால் பெற்றோரே சமாதானம் ஆவார்கள்.

பணத்துக்கு: பழைய பேப்பர், அட்டை விற்ற காசு. கணக்கு எழுதுவது இரண்டு பிள்ளைகள், மாதம் ஒருமுறை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிப்பது. தராசு, கையுறை, நோட்டு எல்லாம் எங்களுக்கு அந்தக் காசிலேயே வந்தது. எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தைத்து ரஃப் நோட்டு செய்தார்கள், அதுவும் உதவியது.

கடைசியாக, எல்லாப் பசுமைப் படையும் செத்துப்போகும் இடம். பொறுப்பான பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகும் வருடம், அல்லது நமக்கு மாற்றல் வரும் வருடம். அதற்கு நான் கண்ட ஒரே மருந்து சாவி. தராசும் நோட்டும் இருக்கும் அலமாரிச் சாவியை என்னிடம் வைத்துக்கொண்ட வரை நான் வராத நாளில் எதுவும் நடக்கவில்லை. பிள்ளைகளிடம் கொடுத்தபின் நான் மருத்துவ விடுப்பில் ஐந்து வாரம் போய்வந்து பார்த்தேன், ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை. ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில், ஒன்பதாம் வகுப்பு எட்டாம் வகுப்பிடம் சாவியைக் கொடுக்கும். அதற்கு முன் இரண்டு வகுப்பும் சேர்ந்து ஒருமுறை குப்பை எடை, ஒருமுறை ஊற்று அளவு, ஒருமுறை மழைமானி பார்த்து, நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மிச்ச இரண்டு மாதம் பழையவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள், தவறினால் கேட்டுக்கொள்ளலாம்.

பழனி மலைப் பக்கம் இதைப் படிக்கிற ஆசிரியர்களுக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். கொடைக்கானல் பக்கம் குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது; அடுத்தது 2030. உங்கள் பிள்ளைகள் இப்போதே குறிஞ்சிப் புதர் இருக்கும் சரிவுகளைக் குறித்து, ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று படம் எடுத்து, சீகை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று எழுதி வைக்கட்டும். எழுதத் தொடங்கியவர்கள் அது பூக்கும்போது பள்ளியில் இருக்க மாட்டார்கள். நோட்டு இருக்கும்.

உங்களுக்கு, டீச்சர், ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வாரத்தில் தராசை மட்டும் வாங்கிவிடுங்கள். மற்றதைப் பிள்ளைகள் கேட்பார்கள். மழைமானியை எந்த இடத்தில் வைப்பது என்று குழப்பம் வந்தால் மைதானத்தின் படத்தை வரைந்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.